முலையூட்டி முட்டையின் செயற்கைத் தூண்டல்: சில விளக்கங்கள்

ஆண் வித்து, பெண் வயல் என்னுங் கருத்து மிகப் பழையது. மனுதரும சாத்திரம் வித்தையும் வயலையும் ஒப்புநோக்கி வித்தே மேலானது என்றது. தாய் தருவது மூலப்பொருளை மட்டுமே, உருவைத் தருபவன் தந்தையே என்றார் அரிஸ்டோட்டில். சொத்தும் குலப்பெயரும் தந்தை வழியே சென்ற சமுதாயங்களுக்கு இக்கருத்து வாய்ப்பாக அமைந்ததில் வியப்பில்லை. முட்டைக்கலத்தைச் செயற்கையாகத் தூண்டும் ஆய்வுகளை நாம் இப்பின்னணியில் வைத்தே நோக்க விரும்புகின்றோம்.

1899இல் ஐக்கிய அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் யாக் லோப் என்பவர் கடல் முள்ளெலியின் கருக்கட்டாத முட்டைகளை மக்னீசியங் குளோரைட்டுச் சேர்த்த கடல்நீரில் வைத்துப் பின் இயல்பான கடல்நீருக்கு மாற்றினார். முட்டைகள் பிரிவடைந்து குடம்பிகளாயின. உயிரின் தொடக்கத்துக்கு மறைபொருளான ‘உயிர்ச்சத்தி’ வேண்டும் என்று வாதிட்டோருக்கு ஓர் உப்புக் கரைசல் விடையளித்தது.

விந்து வந்து சேரும்வரை முட்டை உறங்கிக் கிடக்கின்றது என்பர். அது பொருத்தமான உவமையன்று. முலையூட்டியின் முட்டை இரண்டாம் ஒடுக்கற்பிரிவின் அனுவவத்தையில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. சரிவில் சில்லுக்குக் கட்டை கொடுத்து நிறுத்திய வண்டியைப் போன்றது அது. இத்தடையைப் பேணுபவை சில புரதங்கள். விந்து நுழைந்ததும் முட்டையின் உட்சேமிப்பிலிருந்து கல்சியம் அயன்கள் வெளிப்பட்டுக் குழியவுருவினூடாக அலையாகப் பரவுகின்றன. முலையூட்டிகளில் இவ்வலை ஒரு முறையோடு நிற்பதில்லை. விட்டுவிட்டுப் பல மணி நேரம் எழுகின்றது. தடைப்புரதங்கள் சிதைகின்றன, ஒடுக்கற்பிரிவு நிறைவெய்திக் கலப்பிரிவு தொடங்குகின்றது. அலையை எழுப்புவது விந்து கொண்டுவரும் ஒரு நொதியமே என்பதற்கு 2002இல் காடிவ் ஆய்வாளர் வலுவான சான்று தந்தனர். ஆயினும் முட்டையினுள் கல்சியத்தை உயர்த்த வல்ல வேறெதுவும் கட்டையை அகற்றிவிடும்: மின்னதிர்ச்சி, அற்ககோல், சுண்டெலியின் முட்டையாயின் ஸ்ரொன்ரியம் உப்பு. முட்டை எதிர்நோக்கி நிற்பது ஒரு குறிப்பை. அதனைத் தருபவர் யாரென அது கேட்பதில்லை.

அவ்வாறாயின் தந்தையற்ற முலையூட்டி ஏன் இயற்கையில் இல்லை? 1930களில் ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கிரெகரி பின்கஸ் தந்தையற்ற முயல்களைப் பெற்றதாக அறிவித்தார். பிறர் அதனை உறுதிப்படுத்தவில்லை. (முட்டையைத் தூண்ட முயன்ற இவரே பின்னாளில் முட்டை வெளிப்படுதலைத் தடுக்குங் கருத்தடை மாத்திரையை ஆக்கியோருள் ஒருவரானார்.) 1970இல் வார்சோவில் தர்க்கோவ்ஸ்கி குழுவினர் சுண்டெலி முட்டைகளை மின்னதிர்ச்சியால் தூண்டினர். முளையங்கள் கருப்பையிற் பதிந்தன, கருக்காலத்தின் ஏறத்தாழப் பாதிவரை வளர்ந்தன, பின் இறந்தன. தூண்டல் முறையை மாற்றியும் பிறரால் இவ்வெல்லையைத் தாண்ட இயலவில்லை.

விடை 1984இற் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் சுரானி குழுவினரும் பிலடெல்பியாவில் மக்கிராத், சொல்ற்றர் ஆகியோரும் முட்டைகளிடையே கருக்களை மாற்றிவைத்தனர். இரு தாய்க்கருக்களைக் கொண்ட முட்டையில் முளையம் ஓரளவு உருப்பெற்றது. ஆனால் சூல்வித்தகத்துக்கான இழையம் நலிந்தது. இரு தந்தைக்கருக்களைக் கொண்டதில் அவ்விழையம் செழித்தது, முளையமோ நலிந்தது. சில பரம்பரையலகுகள் தாயிடமிருந்து வந்தனவா, தந்தையிடமிருந்து வந்தனவா என்பதற்கேற்பவே தொழிற்படுகின்றன. அவற்றின் எழுத்து ஒன்றே. எதனை வாசிப்பது, எதனை விடுவது என்பதைக் காட்டும் மெதைல் குறிகளே வேறுபடுகின்றன. இக்குறிகள் விந்தும் முட்டையும் உருவாகுங் காலத்திற் பொறிக்கப்படுகின்றன.

இதனை மெய்ப்பித்தோர் யப்பானியர். 2004இல் டோக்கியோ விவசாயப் பல்கலைக்கழகத்தின் கோனோ குழுவினர், தாய்க்கருக்களுள் ஒன்றைத் தந்தைக்கரு போன்று தொழிற்படச் செய்து, இரு தாயரைக் கொண்ட ககுயா என்னுஞ் சுண்டெலியைப் பெற்றனர். நானூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளிலிருந்து முதிர்ச்சிவரை வளர்க்கப்பட்டது அவ்வொன்றே. 2022இல் சாங்காய் ஆய்வாளர், ஒரே முட்டையிலிருந்து, ஏழு இடங்களிற் குறிகளை மாற்றிச் சுண்டெலியொன்றைப் பெற்றனர்.

‘இனி ஆண்கள் வேண்டியதில்லை’ எனச் செய்தித்தாள்கள் எழுதுவதில் நமக்கு உடன்பாடில்லை; சான்று காட்டுவது வேறு. தந்தை தருவது உயிரையுமன்று, உருவையுமன்று. தாயின் குறிகளோடு இணைந்தே பொருள்படும் பாதிக் குறிகளை. வித்து, வயல் என்ற பிரிவினைக்கு இங்கு இடமேயில்லை.

மனித முட்டையும் இவ்வாய்வுக்குள் வந்துவிட்டது. விந்தை நேரடியாக உட்செலுத்தியும் கருக்கட்டாத சிலருக்கு, கல்சியத்தை உட்புகவிடும் இரசாயனங்களால் மருத்துவர் முட்டையைத் தூண்டுகின்றனர். வேறு வகையான நிகழ்ச்சியும் உண்டு. 2004இல் சியோலில் ஹுவாங் ஊ-சுக் குழுவினர், படியெடுத்த மனித முளையத்திலிருந்து மூலவுயிர்க்கலங்களைப் பெற்றதாக அறிவித்தனர். அது பொய்யென நிறுவப்பட்டு 2006இற் கட்டுரை மீளப்பெறப்பட்டது. அக்கலங்கள் விந்தின்றித் தூண்டப்பட்ட முட்டையிலிருந்தே தோன்றியவை என்பதை, நிறமூர்த்தங்களின் மீள்சேர்க்கைக் கோலத்தைக் கொண்டு 2007இல் ஐக்கிய அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். அவ்வாய்வுக்கு முட்டை வழங்கியோருள் இருவர் அதே ஆய்வுகூடத்தின் இளநிலைப் பெண் ஆய்வாளர்; முதலில் மறுக்கப்பட்ட இச்செய்தி 2005இலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது.