முட்டித் தேய்மானத்துக்கு எம்.ஆர்.ஐ. தேவையா?

மாடிப்படி இறங்கும்போது முட்டி வலிக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்கிறார்கள். பிறகு ஏன் வலிக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாமா என்று யோசிக்கிறீர்களா? முதலில், முட்டிக்குள் தேய்வது எது என்று பார்த்துவிடுவோம்.

கோழிக்காலைக் கடித்துச் சாப்பிடும்போது எலும்பின் முனையில் வெள்ளையாக, வழுவழுவென்று ஓர் உறை ஒட்டியிருக்குமே, அதுதான் குருத்தெலும்பு (எலும்புகள் ஒன்றோடொன்று உரசாமல் காக்கும் மெத்தை). நம் முட்டியிலும் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் முக்கால் பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர். மீதி, அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் புரத வலை. ரத்தக் குழாய் இல்லாததால், தேய்ந்தால் எளிதில் வளராது. நரம்பும் இல்லாததால், தேயத் தொடங்கும்போது வலித்துக் காட்டிக்கொடுக்காது.

எக்ஸ்ரேயில் அது ஏன் தெரியவில்லை? எக்ஸ்ரே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும். குருத்தெலும்பு இருக்கும் இடம் வெறும் இடைவெளியாகத் தெரியும். அந்த இடைவெளி குறுகியிருந்தால், தேய்மானம் என்று மருத்துவர் ஊகித்துக்கொள்கிறார். இதனால்தான் முட்டி எக்ஸ்ரேயை நின்றபடி எடுக்க வேண்டும். படுத்தால் உடல் எடை முட்டியில் இறங்காது. இடைவெளி அகலமாகத் தெரிந்துவிடும். உங்களுக்குப் படுக்க வைத்து எடுத்திருந்தால், நிற்க வைத்து ஒன்று எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். செலவும் குறைவு.

சரி, எம்.ஆர்.ஐ. எப்படிக் காட்டுகிறது? அது தண்ணீரைத் தேடிப் பிடிக்கும் கருவி. பல மருத்துவமனைகளில் இருக்கும் 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) கருவி, பூமியின் காந்தப் புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலியது. அதற்குள் உடலின் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் எழுப்பும் சமிக்ஞைதான் படமாகிறது. எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. உறையில் விழுந்த கீறல், குழி, மெலிவு, ஜவ்வுக் கிழிசல், எலும்புக்குள் ஊறிய நீர் எல்லாம் தெரியும்.

உறை மெலிவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு. புரத வலை தளர்ந்தால் உள்ளே தண்ணீரின் அளவும் அசைவும் மாறும். அந்த மாற்றத்தை அளந்து வண்ணப்படமாகத் தருவது டி-2 மேப்பிங். அமெரிக்காவில் 2004-இல் தொடங்கி 4,796 பேரின் முட்டிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் இதையும் பயன்படுத்தினார்கள். ஆனால் வழக்கமான முட்டி ஸ்கேனில் பெரும்பாலும் இது இருக்காது.

இவ்வளவு தெரியுமென்றால் எல்லோரும் எடுத்துவிடலாமே? இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊரில், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியாத, 50 வயதைத் தாண்டிய 710 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முடிவு 2012-இல் வெளியானது. 89 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது. 69 சதவீதம் பேருக்குக் குருத்தெலும்பிலேயே சேதம். முட்டி வலியே இல்லாதவர்களிலும் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது. ரிப்போர்ட்டில் “தேய்மானம்”, “ஜவ்வு கிழிசல்” என்று படித்ததும் நடப்பதையே நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நடக்காவிட்டால் தொடைத் தசை இளைக்கும். அதன் சுமையும் முட்டியில்தான் இறங்கும்.

உங்களுக்கு வயது 45 அல்லது அதற்கு மேல், நடந்தால் வலி, காலையில் முட்டி விறைத்திருப்பது அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடுகிறது என்றால், படம் எடுக்காமலே தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல். படம் எடுத்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை: தொடைத் தசைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு. ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது.

அப்படியானால் எப்போது எடுக்கலாம்? முட்டி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டால், அடிபட்டோ முறுக்கியோ வீங்கினால், ராத்திரி ஓய்விலும் வலித்தால், சில வாரங்களில் மளமளவென மோசமானால் மருத்துவரே எழுதிக் கொடுப்பார். காய்ச்சலோடு முட்டி சிவந்து வீங்கினால் ஸ்கேனுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எடுப்பது என்று முடிவானால், இதயத்தில் பேஸ்மேக்கர், தலைக்குள் கிளிப், கண்ணில் இரும்புத் துகள் ஏதும் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். கொலுசு, மெட்டி, ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். குழாய்க்குள் போகப் பயமா? முட்டிக்குக் கால்தான் முதலில் உள்ளே போகும். தலை பெரும்பாலும் வெளியிலேயே இருக்கும். பயம் அடங்காவிட்டால் படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். டமடமவென்று சத்தம் கேட்கும். காதில் வைக்க அடைப்பான் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வரை கால் அசையக் கூடாது. கொஞ்சம் அசைந்தாலும் அந்த 2 மில்லிமீட்டர் உறை படத்தில் கலங்கிவிடும். மடக்கி வைத்தால் வலிக்கிற முட்டியா, நீட்டினால் வலிக்கிற முட்டியா என்று முதலிலேயே சொன்னால், அடியில் தலையணை வைத்துத் தோதாகப் படுக்க வைப்பார்கள்.