உங்களுக்குத் தெரியுமா? மார்கழிக் குளிரும் மின்சார மீட்டரும்

ஏ.சி. ஓய்வெடுக்கும் மாதங்களில் கரண்ட் பில் தானாக இறங்கும் என்பது பலரின் நம்பிக்கை. இறங்காத வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் குளியலறை.

● 25 டிகிரியில் வரும் குழாய்த் தண்ணீர் 20 லிட்டரை, குளிக்க இதமான 40 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 0.35 யூனிட் மின்சாரம் வேண்டும். அதே மின்சாரத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றரை நாளுக்கும் மேல் எரியும். ஹாலில் லைட்டை அணைக்காத பிள்ளையைத் திட்டிவிட்டு ஷவருக்கு அடியில் நின்று பாட்டுப் பாடும் அப்பாக்கள் கவனிக்க: நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் 10 நிமிடம் நின்றால் நான்கு வாளி, அதாவது 1.4 யூனிட். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்குத் தினம் ஒரு வாளி வெந்நீர் என்றால் 60 நாளில் 84 யூனிட். ஷவர் என்றால் 336!

● இந்தக் கணக்கு சமவெளிக்கு. உறைபனி விழும் ஊட்டியில் தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால், அதே வாளிக்குச் செலவு அப்படியே இரட்டிப்பு.

● தமிழ்நாட்டில் 2022-இல் மாற்றியமைத்த வீட்டுக் கட்டணப் பட்டியலில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான சலுகை விலையும் போய்விடும். 490-க்கும் 510-க்கும் உள்ள வித்தியாசத்தை வெந்நீரே உண்டாக்கிவிடும்.

● 15 லிட்டர் கீசர் (2,000 வாட்) தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 20 நிமிடம் போதும். ராத்திரியே சுவிட்சைப் போட்டுவிட்டுத் தூங்கினால், தொட்டி சூட்டை இழப்பதும் தெர்மோஸ்டாட் மீண்டும் சூடேற்றுவதும் விடியும்வரை நடக்கும். யாரும் குளிக்காத நேரத்தில் சிவப்பு விளக்கு தானே எரிந்து அணைவது அதனால்தான். ஒருவர் பின் ஒருவராகக் குளித்து முடித்துவிட்டால் இன்னும் மிச்சம்.

● அறையைச் சூடாக்க ‘ஆயில் ஹீட்டர் வாங்குங்கள், கரண்ட் கம்மி’ என்பார்கள். ஆயிலோ ஹாலஜனோ ஃபேன் ஹீட்டரோ, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எல்லாமே ஒரே அளவு சூட்டைத்தான் தரும். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பாக இருக்கும் என்பது மட்டுமே ஆயிலின் பெருமை. விதிவிலக்கு, சூடேற்றும் வசதியுள்ள ஏ.சி. அது சூட்டை உண்டாக்குவதில்லை. வெளியே உள்ள குளிர்ந்த காற்றிலிருந்தும் சூட்டை உறிஞ்சி உள்ளே கொண்டுவருகிறது. அதனால் ஒரு யூனிட் செலவில் இரண்டு, மூன்று யூனிட் சூடு கிடைக்கும்.

● மின்சாரம் மிச்சம் என்று மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது.

● சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் வெளியிடும் சூடு சுமார் 100 வாட். நான்கு பேர் ஒரே அறையில் அரட்டை அடித்தால் 400 வாட் ஹீட்டர் இலவசம். கதவடியில் உள்ள இடைவெளியை ஒரு பழைய துணியால் அடைத்தால் அந்தச் சூடு எளிதில் வெளியே போகாது.

● உடம்பின் சூட்டில் பாதி தலை வழியே போகிறதாமே? இல்லை. தலையின் பரப்பு மொத்த உடம்பில் பத்தில் ஒரு பங்குதான். மூடாமல் விட்டால் போகும் சூடும் ஏறக்குறைய அவ்வளவே. மங்கி கேப் நல்லதுதான். கூடவே சாக்ஸும் போடுங்கள்.

● டிசம்பர் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில் நிற்கும். எனவே தெற்கு ஜன்னலைப் பகலில் திறந்து வைத்து, சாயங்காலமானதும் திரையை இழுத்துவிட்டால் போதும். மாடியில் சோலார் ஹீட்டர் தெற்கு பார்த்துச் சாய்ந்திருப்பதும் இந்த வெயிலைப் பிடிக்கத்தான்.

● ஃபேனை ஒன்றாம் நம்பரில் வைத்தால் கரண்ட் மிச்சமா? எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் ஆமாம். பெரிய டப்பா மாதிரியான பழைய ரெகுலேட்டர் என்றால், ஃபேனுக்குக் குறைத்த மின்சாரத்தில் பெரும்பங்கைத் தானே சூடாக்கி வீணடிக்கும்.

● சாதாரண ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் உள்ள திருகில் பெரிய எண் என்றால் அதிகக் குளிர். கோடையில் ஏற்றியதைப் பனிக்காலத்தில் குறைக்க மறந்துவிடுகிறோம். குறைத்து வையுங்கள்.

● இட்லி மாவு பொங்கவில்லை என்று பாத்திரத்தை வெந்நீரில் வைப்பவர்கள், ஃபிரிட்ஜின் பக்கச் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். பல மாடல்களில் அது வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே எடுத்த சூடு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. மாவுப் பாத்திரத்தை ராத்திரி அதன் பக்கத்தில் வைத்தால் சூடாக்கத் தனிச் செலவு கிடையாது.