இரும்பு இருந்தும் கடலை வெளுப்பது ஏன்?



கடலை முளைத்து மூணு நாலு வாரத்தில் கொழுந்து வெளுத்துப் போவதை, சுக்கான் நிலம் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருத்தர், "யூரியா பத்தலை தம்பி" என்று ஏக்கருக்கு இன்னும் அரை மூட்டை போட்டார். வெளுப்பு போகவில்லை, காசுதான் போச்சு.

தழைச்சத்து குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடி இலை. கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் பெரும்பாலும் இரும்புப் பற்றாக்குறை. பழைய இலையில் சேர்ந்த இரும்பைச் செடியால் கொழுந்துக்கு அனுப்ப முடியாது.

அப்படியானால் மண்ணில் இரும்பு இல்லையா? தாராளமாக இருக்கிறது. செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பதே அதுதானே! ஆனால் இரும்புக்கு இரண்டு நிலை. பெர்ரஸ் நிலையில் தண்ணீரில் கரையும். காற்றுப் பட்டால் பெர்ரிக் ஆகி, கொழுவில் ஏறுகிற துரு மாதிரி கரையாமல் உட்கார்ந்துவிடும். சுண்ணாம்பு நிலத்தில் இந்த மாற்றம் வெகு வேகம். மண்ணின் கார அளவு ஒரு எண் ஏறினால், கரைகிற பெர்ரிக் இரும்பு 1000ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சேறடித்துத் தண்ணீர் கட்டிய நெல் வயலில் காற்று புகாததால் இரும்பு கரைந்தே கிடக்கும். அதே நெல்லைப் புழுதியில் விதைத்தால் வெளுக்கிறது.

இரும்பு, செம்பு போன்ற உலோகங்களைப் பள்ளிக்கூடத்தில் இடைநிலை உலோகம் என்பார்கள். இவை மற்றப் பொருள்களைத் தம்மைச் சுற்றிலும் சேர்த்துப் பிணைத்துக்கொள்ளும். இரும்புக்கு அப்படி ஆறு பிடி உண்டு. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம், நண்டு கொடுக்கால் கவ்வுகிற மாதிரி அந்தப் பிடிகளைக் கவ்விக்கொள்ளும். கவ்விய இரும்பு துருவாகப் படியாது. இதற்கு 'கீலேட்' என்று பெயர். நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

சோளம், மக்காச்சோளம் போன்ற புல்லினப் பயிர்களின் வேர் தானே இப்படி ஒரு கொடுக்கைக் கசியவிட்டு இரும்பைப் பிடித்து வரும். கடலைக்கு அந்த வித்தை தெரியாது. சுண்ணாம்பு மண்ணில் மக்காச்சோளத்தை ஊடுபயிராக வைத்தபோது கடலையின் வெளுப்பு குறைந்ததைச் சீனாவில் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது வெளுத்து நிற்கிற பயிருக்கு என்ன செய்வது? 10 லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரையுங்கள். கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள். பிறகு 50 கிராம் அன்னபேதியைப் போடுங்கள். அன்னபேதி இளம் பச்சையாக இருக்கவேண்டும். பழுப்பேறியது துருப்பிடித்த சரக்கு, வாங்காதீர்கள். முதலில் நாலைந்து செடிக்கு மட்டும் சாயங்காலத்தில் தெளித்து ஒரு வாரம் பாருங்கள். கொழுந்து பச்சை திரும்பினால் நோய் இதுதான். வயல் முழுக்க அடியுங்கள். வெளுப்பு மிச்சமிருந்தால் 10 நாள் கழித்து இன்னொரு தடவை. கரைசலை அன்றன்றைக்கே கலக்குங்கள். மறுநாளைக்கு என்று வைத்து, அது பழுப்பாகிவிட்டால் வரப்போரம் கொட்டிவிடவேண்டியதுதான்.