தட்டினால் எந்தப் பக்கம் திறக்கும்?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய காலத்தில், போனில் அறிவிப்பு என்றால் பெரும்பாலும் எஸ்.எம்.எஸ்., மிஸ்டு கால் இவ்வளவுதான். அந்த ஆலை 2014-ல் மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலை ஐபோன்களைச் செய்கிறது. போனின் வேலையும் மாறிவிட்டது. ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் ஏறும் ஊழியரின் போனில் 'மார்ச் சம்பளச் சீட்டு தயார்' என்று வருகிறது. தட்டினால் நேரே அந்தச் சீட்டே திறக்கிறது. எப்படி?

ஒவ்வொரு செயலியும் தன் சர்வரோடு தனித்தனி இணைப்பு வைத்திருந்தால் பேட்டரி தாங்காது. அதனால் ஐபோனில் ஆப்பிளும் (2009 முதல்) ஆண்ட்ராய்டில் கூகுளும் (2010 முதல்) எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரே இணைப்பைத் திறந்து வைத்திருக்கின்றன. வரும் செய்தி எந்தப் போனில் எந்தச் செயலிக்கு என்பதை 'டோக்கன்' என்ற நீண்ட குறியீடு சொல்லும்.

அந்தச் செய்தியின் அளவு சுமார் 4 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வாசகத்தோடு, தெரியாத குறிப்பும் அதில் உண்டு: 'பக்கம்: சம்பளச் சீட்டு, மாதம்: 3'. ஆலைக்கு வருபவரின் கேட் பாஸில் எந்த டிபார்ட்மென்ட் என்று எழுதியிருப்பது போலத்தான் இது. தட்டியதும் இயங்குதளம் செயலியை எழுப்பி, குறிப்பைக் கையில் கொடுக்கிறது. அதைப் படித்துப் பக்கத்தைத் திறப்பது செயலியின் பொறுப்பு.

சிக்கல் இங்கேதான். செயலி திரையில் இருக்கலாம், பின்னணியில் இருக்கலாம், முழுக்க மூடியும் இருக்கலாம். மூடியிருந்தால் முதலில் லாகின் செல்லுமா என்று பார்க்க வேண்டும். அதுவரை குறிப்பைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். சீட்டைப் பார்த்துவிட்டு 'பேக்' அழுத்தினால் செயலியை விட்டு வெளியேறாமல் முகப்புக்கு வர வேண்டும். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 இன்னொரு கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தது: தட்டியதும் பின்னணியில் வேறொரு வேலையை ஓட்டி, அதன் வழியாகப் பக்கத்தைத் திறக்கக் கூடாது, நேரே திறக்க வேண்டும். தாமதத்தைக் குறைக்கவே இந்த விதி.

சம்பளத் தொகையை அறிவிப்பிலேயே அனுப்பாமல், லாகினுக்குப் பிறகு சர்வரிலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.

ஆகவே, அறிவிப்பைத் தட்டியும் ஒவ்வொரு முறையும் முகப்புப் பக்கமே வந்தால் போனைக் குறை சொல்லாதீர்கள். செயலியை எழுதியவர்களிடம் புகார் சொல்லுங்கள்; பெரும்பாலும் சரிசெய்ய வேண்டியது அங்கேதான்.