நிலைசார் வானூர்திப் பராமரிப்பு

நிலைசார் வானூர்திப் பராமரிப்பு என்பது, வானூர்தியின் உறுப்புகளைக் குறித்த பறப்பு மணிநேரம் முடிந்தவுடன் மாற்றுவதற்குப் பதிலாக, அவற்றின் உண்மை நிலையை அறிந்து தேவைப்படும்போது பழுதுபார்க்கும் முறையாகும். இதற்கு உணரிகளின் அளவீடுகளும் பராமரிப்புப் பதிவேடுகளும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

தரவு மூலங்கள்

உணரிகள் அதிர்வு, வெப்பநிலை, எண்ணெய் அழுத்தம் முதலியவற்றை அளக்கின்றன. பல்சக்கரப் பெட்டியில் உள்ள காந்தச் செருகி, எண்ணெயில் கலந்த உலோகத் துகள்களைப் பிடிக்கிறது. எந்த உறுப்பு எப்போது பொருத்தப்பட்டது, ஏன் கழற்றப்பட்டது, பிரித்துப் பார்த்தபோது என்ன காணப்பட்டது என்பனவற்றைப் பதிவேடு தருகிறது.

திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளில் இதற்கு எளிய ஒப்புமை உண்டு. வட்டப் பின்னல் எந்திரத்தில் ஊசி பழுதானால் துணியில் நெடுக்குக் கோடு விழும். உணரி எந்திரத்தை நிறுத்திவிடும். ஆனால் அந்த ஊசிகள் எப்போது மாற்றப்பட்டவை என்பதைப் பதிவேடே சொல்லும்.

இணைக்கும் முறை

இரு தரவுகளும் வானூர்தி எண், உறுப்பின் வரிசை எண், பறப்பு மணிநேரம் ஆகியவற்றால் இணைக்கப்படுகின்றன. பல்சக்கரப் பெட்டியை மாற்றினால் அதிர்வின் அடிப்படை அளவும் மாறும். மாற்றிய நாளை அறியாத கணினி, அதனைப் பழுது எனத் தவறாக எச்சரிக்கக்கூடும். ஒரே பழுதைப் பணியாளர்கள் வெவ்வேறு சொற்களால் எழுதுவது இவ்விணைப்பில் பெரும் இடர்ப்பாடாகும்.

வரலாறு

1986 நவம்பர் 6 அன்று சேட்லாந்துத் தீவுகளுக்கு அருகே சினூக் உலங்கு வானூர்தி வீழ்ந்து 45 பேர் இறந்தனர். இதன் பின்னர் வட கடல் உலங்கு வானூர்திகளில் அதிர்வுக் கண்காணிப்பு 1990களில் பரவியது.

2009 ஏப்ரல் 1 அன்று அதே கடலில் சூப்பர் பூமா வீழ்ந்து 16 பேர் இறந்தனர். ஒரு வாரம் முன்பு, மார்ச் 25 அன்று, அதன் காந்தச் செருகியில் உலோகத் துகள் ஒன்று கிடைத்திருந்தது. தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த குழப்பத்தால் பல்சக்கரத் தொகுதி பிரித்துச் சோதிக்கப்படவில்லை. அதிர்வு அளவீடும் பழுதைக் காட்டவில்லை. கிடைத்த ஒரே அறிகுறி பதிவேட்டில் இருந்தும் உரிய முடிவு எட்டப்படவில்லை.

கொங்கு மண்டலத்தில்

திருப்பூருக்கு அருகிலுள்ள சூலூர் வான்படைத் தளத்தில் 5ஆம் தளப் பழுதுபார்ப்பு நிலையம் அமைந்துள்ளது. துருவ் உலங்கு வானூர்திகளைக் கொண்ட சாரங் சாகசக் குழுவின் தளமும் இதுவே. 2025 சனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் வீழ்ந்து மூவர் இறந்ததையடுத்து, நாட்டின் துருவ் வானூர்திகள் அனைத்தும் தரையிறக்கப்பட்டன. ஐயத்திற்குரிய உறுப்பு எந்த வானூர்தியில் நலமாக உள்ளது எனத் தனித்தனியே உறுதிசெய்ய இயலாதபோது, முழு அணியையும் நிறுத்துவதே பாதுகாப்பான வழியாகிறது. இந்நிலையைத் தவிர்ப்பதே நிலைசார் பராமரிப்பின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

உலங்கு வானூர்தி
உணரி
சூலூர் வான்படைத் தளம்