ஆண்டாள் கிளியும் அயல்நாட்டு வர்த்தகமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கரத்தில் அன்றாடம் புதிதாய் அமரும் கிளியை அருகில் நின்று தரிசித்தவர்கள், மாதுளம்பூ அலகாகவும், மரவள்ளி இலை உடலாகவும், காக்காப்பொன் கண்ணாகவும் அமைந்து, வாழைநாரால் இறுகிய அச்சிறு சிருஷ்டியில், மண்ணுக்குப் பகையான பொருள் ஒன்றுமே இல்லை என்பதைக் கண்டிருப்பார்கள்.

கைவினைப் பொருள்களை அயல்நாட்டிலிருந்து தருவித்து விற்கும் சிறு வணிகருக்கு இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை; மண்ணுக்குப் போலவே, செய்யும் கைக்கும் அவர் சரக்கு பகையாகக் கூடாது. 1946-இல் எட்னா ரூத் பைலர் என்னும் அமெரிக்க மாது, போர்ட்டோ ரிக்கோப் பெண்களின் பூத்தையல் துணிகளைத் தம் ஊரில் விற்கத் தொடங்கியபோது முளைத்த நியாய வர்த்தகம், கைவினைஞர் கேட்டால் விலையில் பாதியையேனும் வட்டியின்றி முன்பணமாகத் தர வேண்டும் என்பதை இன்று நியமமாகவே கொண்டிருக்கிறது. முன்பணம் இல்லையேல், பெட்டி முடைபவருக்கு ஓலைக்குக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கே கூலி என்று உழைப்பெல்லாம் கரைந்துபோகும்.

விமானத்தை விடுத்துக் கப்பலில் அனுப்புவதே சுற்றுச்சூழலுக்கு உகந்தது. ஆயினும் ஈரம் உலராத பனையோலைப் பெட்டி நெடுங்கடற் பயணத்தில் பூஞ்சணம் பூத்துவிடும் ஆதலால், உலர்த்துவதற்கு அவகாசம் தந்து ஆர்டர் கொடுப்பவரே விவேகமுள்ள வணிகர்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணி கடல் கடக்கிறது; ஓலைப்பெட்டியும் கடக்கட்டும். வாங்குவோரே, முடைந்த கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று ஒருமுறை கேளுங்கள்.