ஒரே 'லூஸ்', இரண்டு எழுத்துக்கூட்டு

ஆங்கிலத்தில் இழப்பதைக் குறிக்கும் லூஸுக்கு ஒரு 'ஓ', தளர்ந்திருப்பதைக் குறிக்கும் லூஸுக்கு இரண்டு. மாத்திப் போட்டா, 'வாடிக்கையாளரை இழக்க மாட்டோம்' என்பது 'அவிழ்த்துவிட மாட்டோம்' ஆகிவிடும்! ரெண்டுமே அகராதிச் சொல் என்பதால் ஸ்பெல்செக் பெரும்பாலும் விட்டுவிடும்.

நமக்குக் குழப்பம் காதிலேயே தொடங்குதுன்னு நினைக்கிறேன். தமிழில் ரெண்டுக்கும் ஒரே 'ஸ்'தான். ஆங்கிலத்தில் இழப்பதன் கடைசி ஒலி தேனீ மாதிரி ரீங்கரிக்கும். தளர்ந்தது பாம்பு மாதிரி சீறும். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்க, அதிர்வு தெரியும். அட்வைஸும் அப்படியே: 'சி' போட்டு எழுதும் அறிவுரை சீறும், 'எஸ்' போட்டு எழுதும் 'அறிவுரை கூறு' ரீங்கரிக்கும்.

பிராக்டிஸ் மட்டும் இதுக்கு அடங்காது. பிரிட்டிஷ் வழக்கில் பெயர்ச்சொல்லுக்கு 'சி', வினைக்கு 'எஸ்', உச்சரிப்போ ஒன்றே. அமெரிக்கர்கள் பொதுவாக ரெண்டுக்கும் 'சி'யே போடுறாங்க.